நூற்றுப் பத்துக்கும் நூற்று நாற்பதுக்கும் நடுவே

எங்கள் பூங்காவில் நூற்றுப் பத்து சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு குட்டி ரயிலில் ஏறலாம். நூற்று நாற்பதுக்கு மேலே இருந்தால் சூறாவளி என்ற ரோலர் கோஸ்டரில் ஏறலாம். நடுவில் இருப்பவர்கள் அம்மா அப்பாவோடு ராட்டினத்தில் உட்கார்ந்து கையசைக்கலாம். எட்டு வயதிலிருந்து பதினொன்று வரையுள்ள பையன்கள் பெரும்பாலும் இந்த நடுவில்தான் வந்து விழுவார்கள். வாசலில் ‘குடும்பம் முழுக்க, நாள் முழுக்கக் கொண்டாட்டம்’ என்று ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் வீட்டில் பத்து வயதுப் பையன் இருந்திருக்க மாட்டான் என்பது என் அனுமானம்.

நான் ஒலிபெருக்கி அறையில் இருப்பவள். காணாமல் போன பிள்ளைகளை அறிவிப்பேன், மழை வந்தால் ஒதுங்கச் சொல்வேன், மாலை ஆறரைக்குச் சங்கை அழுத்திப் பூங்காவை மூடுவேன். சங்கு ஒலித்தால் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தியாக வேண்டும். அந்தப் பொத்தானை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது. பதினான்கு வருடமாக இதே நாற்காலி. அதனால் தெரிந்து சொல்கிறேன்: தொலைந்து போவதெல்லாம் சின்னக் குழந்தைகள். இந்த நடு உயரப் பையன்கள் தொலைவதில்லை, சலித்துப்போய்க் கிளம்பிவிடுவார்கள். தேடிக்கொண்டு போனால், தண்ணீர்ச் சறுக்குக்குப் பின்னால் இருக்கும் மோட்டார் அறையின் கம்பி வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பார்கள். நூறு பேர் சறுக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் இவர்கள் மோட்டாரைப் பார்ப்பார்கள்.

என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே சூறாவளியின் நுழைவாயில். அங்கேதான் நம்முடைய ஆள் நிற்பார். கையில் ஒரு மரக் கம்பு, அதில் நூற்று நாற்பதில் ஒரு சிவப்புக் கோடு. நாங்கள் அவரை அளவுக்காரர் என்போம், பையன்கள் கம்பு மாமா என்பார்கள். அவருடைய உயரம் நூற்று ஐம்பத்து மூன்று. “அண்ணே, காலையில வந்ததும் முதல்ல உங்களை அளந்துக்கிட்டுத்தானே உள்ள போறீங்க?” என்று டிக்கெட் கொடுக்கும் பெண்கள் கிண்டல் செய்வார்கள். “ஆமா, ஷூவைக் கழட்டிட்டு,” என்பார் அவர். முகத்தில் சிரிப்பு இருக்காது.

இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு துணிக்கடையில் மீட்டர் கம்பியோடு நின்றவர். துணியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து அளக்கச் சொன்னார் முதலாளி. இவர் இழுக்கவில்லை. திட்டியும் பார்த்தார்கள், கிடங்குக்கு மாற்றியும் பார்த்தார்கள், கடைசியில் அவரே வந்துவிட்டார். சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறை வீடு. மனைவி முன்னறையில் பள்ளிச் சீருடை தைக்கிறார். மூன்று பெண்கள். இரண்டு பேருக்குக் கல்யாணமாகிவிட்டது, கடைக்குட்டி நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். வேலை ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம், அவள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம். வீட்டில் யார் கேட்டாலும் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்.

பையன்கள் ஷூவுக்குள் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வருவார்கள், தலைமுடியை நிமிர்த்தி வாரிக்கொண்டு வருவார்கள். அவர் ஷூவைக் கழற்றச் சொல்வார், முடியை உள்ளங்கையால் அழுத்துவார். அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள்.

“ஒரு சென்டிமீட்டர்தானே குறையுது. கொஞ்சம் கண்டுக்காம விடக்கூடாதா?”

“கோடுன்னா கோடுதாம்மா.”

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. பையன் முகம் தொங்கிப் போகும். அளவுக்காரர் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வேலை ஒண்ணு இருக்கு, செய்யறியா?” என்று கேட்பார்.

அந்த வேலைதான் மணி. சூறாவளியில் ஆட்களை ஏற்றி, இடுப்புக் கம்பியைப் பூட்டியதும், நுழைவாயிலில் இருப்பவர் எல்லாம் சரியா என்று பார்த்து ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே மணி அடிக்கும். மணி கேட்ட பிறகுதான் மேலே அறையில் இருக்கும் ஆபரேட்டர் வண்டியை எடுப்பார். பொத்தானை அழுத்துவது அளவுக்காரரின் வேலை. அதை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது விதி. அவர் பையன்களிடம் கொடுத்தார்.

சும்மா கொடுத்துவிட மாட்டார். முதலில் தானே எல்லாவற்றையும் பார்த்துவிடுவார். பிறகு, தெரியாதவர் போல, “கேட் பூட்டியிருக்கா? கம்பி எல்லாம் இறங்கியிருக்கா? யாராவது கையை வெளிய நீட்டியிருக்காங்களா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பையன் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் பொத்தானில் விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டான்.

“நாலாவது பெட்டியில அந்த அக்காவோட பை வார் வெளிய தொங்குது, மாமா.”

“அப்படியா?”

“அதை உள்ள எடுக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் அடிக்க மாட்டேன்.”

இருபத்து நான்கு பெரியவர்கள் காத்திருந்தார்கள். வார் உள்ளே போனது. ஒல்லிப் பையன் அழுத்தினான், மணி அடித்தது, சூறாவளி கிளம்பியது. அந்த வாரை அளவுக்காரர் அரை நிமிடம் முன்பே பார்த்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஜன்னலில் இருந்து நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அந்தப் பையன் அன்று முழுக்க வேறு எந்த விளையாட்டுக்கும் போகவில்லை. தம்பி தங்கைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருக்க, இவன் வரிசையில் நின்று நின்று நான்கு முறை மணி அடித்தான். போகும்போது மாமாவிடம் கை கொடுத்துவிட்டுப் போனான், ஷிப்ட் முடிந்து போகிறவன் மாதிரி.

போன வருடம் புது மேனேஜர் வந்தார். கூட்டம் குறைந்துகொண்டே வந்த நேரம். எங்களை உட்கார வைத்து விளக்கினார்.

“எங்க போறதுன்னு முடிவு பண்றது அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. போரடிக்குதுன்னு வீட்டுல இருக்கற பையன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா, அடுத்த வருஷம் அந்தக் குடும்பமே வராது. பையன்களுக்கு இங்க என்ன இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.”

சொன்னதில் தப்பில்லை. அவர் முட்டாள் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். வெளியே போகும் வாசலில் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். வயது, உயரம், பிடித்தது, பிடிக்காதது. எழுதிக் கொடுத்தால் ஒரு பென்சில் இலவசம். இரண்டு வாரத்தில் நானூற்றுச் சொச்சம் தாள் சேர்ந்தது. எண்ணித் தொகுக்கும் வேலை, சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாள் என்று, என் தலையில் விழுந்தது.

நடு உயரப் பையன்களின் தாள்கள் நூற்று அறுபத்து மூன்று. அதில் தொண்ணூற்று ஏழில், பிடித்தது என்ற இடத்தில் ‘மணி’ என்று இருந்தது. ஒருவன் பச்சைப் பொத்தானையே படமாக வரைந்திருந்தான். நான் வேகவேகமாக எண்ணினேன், வேகவேகமாக டைப் செய்தேன், முதலிடத்தில் மணி என்று போட்டு மேனேஜர் மேசையில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. முந்தின வருடம் ராட்டினத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர், ஒரு போட்டோவுக்காகத் தன் மச்சானை நெம்புகோலைப் பிடிக்க விட்டார். அன்று மாலையே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அளவுக்காரரைக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்து சாவகாசமாகப் பாத்திரம் துலக்குகிறேன்.

மறுநாள் கதவு திறப்பதற்கு முன்பே போய்ச் சொன்னேன்.

“அண்ணே, தப்பு பண்ணிட்டேன். யோசிக்காம எழுதிக் குடுத்துட்டேன்.”

அவர் கம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “பசங்க எழுதினதைத்தானே எழுதின?”

“ஆமா.”

“கூட்டிக் குறைச்சு எழுதலையே?”

“இல்ல.”

“அப்புறம் என்ன?” என்றார். ஆனால் கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்குட்டியின் இரண்டு வருடம் அந்தத் துணியில் இருந்தது எனக்குத் தெரிந்தது.

பதினொரு மணிக்கு மேனேஜர் பூங்காவின் வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். காலையிலிருந்து மணி என்ற விளையாட்டைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். “மணின்னா என்ன, உங்களுக்குத் தெரியுமா?” என்று அளவுக்காரரிடமே கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் ஜன்னலில் இருந்து, சொல்லுங்க, சொல்லுங்க என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவர் பச்சைப் பொத்தானைக் காட்டினார். எத்தனை வருடமாக, எப்படி, எந்தப் பையன்கள் என்று எல்லாவற்றையும் சொன்னார். துணியை இழுத்துப் பிடிக்காதவர் இதை மட்டும் இழுத்துப் பிடிப்பாரா.

மேனேஜர் ரொம்ப நேரம் தாளையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சட்டப்படி உங்களை இப்பவே வீட்டுக்கு அனுப்பணும்,” என்றார். “ஆனா தொண்ணூத்தேழு பேர் எழுதியிருக்காங்களே.”

வேலை தப்பியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு மாதத்தில் என் அறைக்கு அந்தப் பக்கம், ராட்டினத்துக்கு அருகில், ஆளுயரத்தில் ஒரு மணி முளைத்தது. மஞ்சள் வளைவு, அதில் சிரிக்கிற யானை முகம், பல வண்ணக் கயிறு, மேலே ‘மகிழ்ச்சி மணி’ என்று பலகை. உயர வரம்பு கிடையாது. பொறுப்பாளர் நம் அளவுக்காரர், தலையில் யானைக் காது வைத்த தொப்பியோடு. சூறாவளி வாசலில் ஒளிக்கற்றையால் அளக்கும் கருவியும் ஒரு இளைஞனும் வந்தார்கள். பச்சைப் பொத்தானுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி வந்தது. கம்பைக் கிடங்கில் போட்டுவிட்டார்கள்.

முதல் வாரம் கூட்டம் அலைமோதியது. இரண்டாவது வாரத்தில் மூன்று வயதுக் குழந்தைகள் மட்டும் வந்தார்கள். நாலாவது வாரம் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் வந்தான். சூறாவளி வாசலில் தேடிவிட்டு, என்னிடம் வந்து விசாரித்து, அங்கே போனான். கயிற்றைப் பிடிப்பதற்கு முன்னால் சுற்றும் முற்றும் பார்த்தான். பூட்ட வேண்டிய கேட் எதுவும் இல்லை, இறங்க வேண்டிய கம்பி எதுவும் இல்லை.

“இதை அடிச்சா எது கிளம்பும், மாமா?”

“எதுவும் கிளம்பாதுப்பா.”

“அப்ப எதுக்கு அடிக்கணும்?”

அளவுக்காரர் கயிற்றை அவன் பக்கம் நகர்த்தினார். பையன் ஒருமுறை, அவருக்காக, மெதுவாக அடித்துவிட்டுப் போனான். அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் திருப்பி வைத்ததைப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் தாள் கொடுத்தார்கள். மறுபடியும் நான்தான் எண்ணினேன். நடு உயரப் பையன்களின் தாள்கள் எழுபத்தெட்டு. மணி என்று ஒருவன்கூட எழுதவில்லை. அடியில், நிறுத்தி நிதானமாக எழுதப்பட்ட இன்னொரு தாள் இருந்தது. வயது ஐம்பத்தைந்து. உயரம் நூற்று ஐம்பத்து மூன்று. பிடித்தது: பழைய மணி. பிடிக்காதது: புது மணி.

அதைத் தனியாக எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். இந்தத் தடவை யோசித்துவிட்டே போனேன். அவர் படித்தார், சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

“பன்னண்டு வயசு வரைக்கும்தான். இது கணக்குல வராது,” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். “பூட்டின பொத்தானை நானே நினைச்சாலும் திறக்க முடியாது, இன்ஷூரன்ஸ்காரன் எழுதி வாங்கிட்டுப் போயிருக்கான். அவர்கிட்ட சொல்லிடுங்க.”

அளவுக்காரர் மாலை ஆறு இருபதுக்குத் தொப்பியை ஒப்படைக்க என் அறைப் பக்கம் வந்தார். சொன்னேன்.

“வயசு கூடிப்போச்சாம், அண்ணே. அதனால சேர்த்துக்க மாட்டாங்களாம்.”

“கோடுன்னா கோடுதான்,” என்றார். எத்தனையோ அம்மாக்களிடம் சொன்ன அதே குரல். ஆனால் முகம் தொங்கிப் போயிருந்தது. அந்த முகத்தை நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு கதவைத் திறந்து விட்டேன்.

“அண்ணே, வேலை ஒண்ணு இருக்கு. செய்யறீங்களா?”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சிவப்பு எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே வந்து யானைக் காதைக் கழற்றி மேசையில் வைத்தார். சரியாக ஆறரைக்கு, “இப்ப,” என்றேன். விரலைப் பொத்தானில் வைத்தவர் எடுத்துவிட்டார்.

“குட்டி ரயிலோட மூணாவது பெட்டியில ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கறதுக்குப் பாதி எழுந்து நிக்கறாங்க. சட்டுனு நிறுத்தினா விழுந்துடுவாங்க. உட்காரட்டும்.”

நான் எட்டிப் பார்த்தேன். உண்மைதான். எனக்கு அது கண்ணில் படவே இல்லை. இருவரும் காத்திருந்தோம். கடிகாரம் ஆறு முப்பத்தொன்று காட்டியது. அந்த அம்மா உட்கார்ந்தார். அளவுக்காரர் இன்னொரு முறை குட்டி ரயிலிலிருந்து சூறாவளி வரைக்கும் பார்த்துவிட்டு அழுத்தினார். சங்கு ஒலித்தது. ராட்டினம் நின்றது, குட்டி ரயில் நின்றது, கடைசி வளைவை முடித்துக்கொண்டு வந்து சூறாவளியும் நின்றது.