வாசலைத் தாண்டாத கட்டில்

1959ஆம் வருடம் ஜூன் மாதம் 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே கால் மணி. ஆனி பிறக்கும் சமயத்தில் மலைமேல் ஒரு மழை பெய்யும். குடையை விரித்தால் நின்றுவிடும், மடக்கினால் சட்டையை நனைத்துவிடும். அந்த மழைதான் பெய்துகொண்டிருந்தது. பனிமூட்டத்தில் எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. அந்த நேரத்தில் தோளில் மரம் செதுக்கும் வாய்ச்சியும் வாயில் வெற்றிலையுமாகத் தச்சர் என் வீட்டுக்குள் நுழைந்தார். அவரை வரச்சொன்னது நான்தான். ஒரு கட்டில் செய்ய.

இப்போது கொல்லிமலைக்கு பஸ்ஸில் போய் அருவி பார்த்துவிட்டு வருகிறவர்கள், யார் வீட்டிலோ கிடக்கும் பழைய பலாமரப் பெட்டியைத் தடவிப் பார்த்து, அந்தக் காலத்துச் சாமான் எவ்வளவு உறுதி, எவ்வளவு மலிவு என்று என்னிடமே வந்து சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்த மலையில் நான் குடியிருந்தேன். அந்தச் சாமான்களை என் சம்பளத்தில் வாங்கினேன். என் அனுபவத்தில் அவை உறுதியாகவும் இல்லை, மலிவாகவும் இல்லை. உடைந்தவையெல்லாம் அடுப்பில் எரிந்துபோயின. எஞ்சிய ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு எல்லாமே அப்படித்தான் இருந்தது என்று பேசுகிறார்கள்.

கொல்லிமலையில் ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள்; நான் வாழவந்தி நாட்டில் கிராம சேவக்காக இருந்தேன். உரம், விதை, கோழி வளர்ப்பு, குடிசைத் தொழில் எல்லாவற்றையும் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசுவது என் வேலை. உள்ளூரில் செய்த பொருளையே வாங்குங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லவேண்டும் என்பது மேலதிகாரியின் உத்தரவு. அவர் உட்கார்ந்து அந்த உத்தரவைப் போட்ட நாற்காலி சேலத்துக் கடையில் வாங்கிய தேக்கு நாற்காலி, பிரம்பு பின்னியது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சொல்கிறவன் வாங்காமல் இருக்கமுடியாது என்று நானும் வாங்கினேன். மூங்கில் கூடை இரண்டு வாங்கினேன். மூன்றாம் மாதமே வண்டு துளைத்து, தூக்கினால் மாவு கொட்டியது. அரிசியில் கலந்த அந்த மாவைப் புடைத்து எடுப்பதே என் மனைவிக்கு ஒரு வேலையாகிவிட்டது. ஒரு முக்காலி வாங்கினேன். மூன்று காலும் மூன்று உயரம். மூன்று கால் இருந்தால் எப்படி வைத்தாலும் ஆடாது என்பார்கள். ஆடவில்லைதான், ஆனால் உட்கார்ந்தவன் வழுக்கிக்கொண்டே இருந்தான். பலாமரத்தில் அஞ்சறைப்பெட்டி ஒன்று. மழைக்காலத்தில் மூடி ஊதிக்கொண்டு திறக்காது. ஒருமுறை கடுகு எடுக்க அதைக் கொடுவாளால் நெம்பவேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கட்டில் விஷயம் அப்படி இல்லை.

எங்கள் முதல் பிள்ளைக்கு அப்போது ஆறு மாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி சித்திரைக் கடைசியில்தான் மலைக்குத் திரும்பியிருந்தாள். முதல் மழை விழுந்ததும் தரை ஓதம் கண்டது. மண் தரை, சாணம் மெழுகியது. பாயை எடுத்தால் அடியில் ஈரம் கைக்கு ஒட்டும். பிள்ளைக்கு மூக்கடைத்து நெஞ்சில் சளி கட்டியது. பார்த்துவிட்டுப் போக வந்த மாமனார், சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார். பேளுக்குறிச்சிப் பக்கம் சொந்தக் காட்டில் வெள்ளாமை செய்கிறவர். சொல்லைச் சுருக்கமாகத்தான் சொல்வார்.

“ஆனி கடைசியில வாரனுங்க மாப்ள. கட்டிலு இருந்தா பாப்பாவும் பேரனும் இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா கூட்டிக்கிட்டுப் போயிருவேன். மழையும் பனியும் போயி தை பொறந்து வரட்டும்.”

கல்யாணமான இரண்டு வருடத்தில் அவள் என்னோடு இருந்த மாதங்களைக் கூட்டினால் பதினொன்று. பிள்ளையை நான் கையில் வைத்திருந்த நாள்கள் அதிலும் கொஞ்சம். கட்டில் எப்படியும் செய்தாகவேண்டும்.

பேளுக்குறிச்சியில் சந்தைக்கு எதிரே மரக்கடையில் கட்டில் இருபத்தெட்டு ரூபாய். அதைத் தலைச்சுமையாக மலை ஏற்ற இரண்டு ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய். மொத்தம் நாற்பது. அந்த வருடம் பேளுக்குறிச்சிப் பக்கத்திலிருந்து மேலே வர நடைபாதைதான். உள்ளூர்த் தச்சர் கேட்டது பதினாறு. அதில் ஆறு ரூபாய் மரத்துக்கு, பத்து ரூபாய் கூலிக்கு. மரம் என் வீட்டுக்காரருடைய பலா. வீடு அவருடையது, மரம் அவருடையது, தச்சரும் அவருக்குப் பங்காளி முறை. இதை அன்றைக்கு நான் யோசித்திருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை நான் கேட்பேன்: நாற்பது பெரிதா, பதினாறு பெரிதா?

மழை என்பதால் வீட்டுக்குள்ளேயே வைத்து வேலை செய்வதாகச் சொன்னார். இருந்தது ஒரே அறையும் சமையலுக்கு ஒரு சாய்ப்பும். ஒன்பது நாள் மரச்சீவலுக்கு நடுவே சோறு தின்றோம். ஒன்பது நாளும் அவருக்கும் மதியச் சாப்பாடு என் வீட்டில்தான். இப்படி ஒரு பேச்சு முதலில் இல்லை. அந்த நாள்களில் எனக்குத் திண்ணனூர் நாட்டில் விதை கொடுக்கும் வேலை. விடிவதற்குள் கிளம்பி இருட்டிய பிறகு வருவேன். கட்டில் எப்படி வளர்கிறது என்று நின்று பார்க்க முடியவில்லை.

பத்தாம் நாள் பார்த்தேன். கால் ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம். கட்டிலா பரணா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டேன்.

“அடியில மூட்டை வெக்கலாமுங்க சார். இங்க அல்லாரு ஊட்லயும் இப்புடித்தானுங்க.”

என்னிடம் மூட்டை ஏது என்று கேட்டதற்கு, இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும் என்று வாழ்த்துவதுபோலச் சொன்னார். பிறகு, கட்டிலுக்குக் கயிறு வேறு வாங்கித்தரவேண்டும் என்றார். பேசிய பதினாறு ரூபாய் மரத்துக்கும் மரவேலைக்கும் மட்டும்தானாம். கயிறு இல்லாத கட்டிலில் எப்படிப் படுப்பது என்று கேட்டதற்கு, “அதுக்குத்தானுங்க கவுறு” என்றார். இரண்டேகால் ரூபாய்க்கு வாங்கிக்கொடுத்தேன்.

மரம் பச்சை. வெட்டி இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. வாய்ச்சி பட்ட இடத்தில் பால் பிசுபிசுத்தது. சாய்ப்பில் அடுப்பு எரிய எரிய, அந்தச் சூட்டில் மரம் காய்ந்து சுருங்கியது. முளைகள் துளைகளுக்குள் ஆடத் தொடங்கின. ஆனால் கழன்று வரவும் வராது, ஏனென்றால் ஒவ்வொரு பொருத்திலும் குறுக்கே மூங்கில் ஆணி அறைந்து, தலையைச் சமமாக வெட்டி விட்டிருந்தார். ஆகவே கட்டில் கத்தியது. புரண்டால் கத்தும், கை நீட்டினால் கத்தும். பிள்ளை ஒவ்வொரு கத்தலுக்கும் விழித்து அழும். ஆப்பு வைத்துத் தர ஒன்றரை ரூபாய் வாங்கினார். ஆப்பு வைத்த பிறகு சத்தம் வேறு மாதிரி வந்தது.

அதோடு உயரம். இரண்டரை அடி மேலேயிருந்து பிள்ளை உருண்டுவிடுமோ என்று மனைவிக்குத் தூக்கம் இல்லை. நான்காம் நாளே பாயை விரித்துப் பிள்ளையோடு தரையில் படுத்துவிட்டாள். கட்டிலில் துணி மடித்து வைத்தோம். அடியில் காலி இடம் கிடப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் தன் மிளகு மூட்டை இரண்டைக் கொண்டுவந்து தள்ளினார். மழைக்கு அவர் வீடு ஒழுகுகிறதாம். இரண்டு நாளில் எடுத்துவிடுவாராம்.

ஆனி கடைசி நாள் மாமனார் வந்தார். கூடவே இரண்டு ஆள், அவர்கள் தலையில் ஒரு கட்டில். மரக்கடையில் வாங்கியது, கால்களைத் தட்டிக் கழற்றிக் கட்டியிருந்தது. என் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதான். உள்ளே வந்து பார்த்தார். கட்டில் மேல் துணி, கட்டில் கீழ் மிளகு, தரையில் பேரன். பிறகு, இதை வெளியே எடுத்துவிட்டு அதை உள்ளே போடுங்கள், அவள் இருக்கட்டும் என்றார். அந்த வார்த்தையில் என் மனைவி முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். ஓடிப்போய்த் துணிகளை எடுத்தாள்.

வாசல் இரண்டடி ஓர் அங்குல அகலம். கட்டிலின் கால் இரண்டரை அடி, அகலம் நாலடி. நிமிர்த்தினோம், சாய்த்தோம், கவிழ்த்தோம். வந்த ஆள்கள் இரண்டு பேரும் நானும் சேர்ந்து முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினோம். அறைக்குள் இரண்டு கட்டில் போட இடமில்லை. கடைசியில் நான் ரம்பம் கேட்டேன். காலை அறுத்துவிட்டால் முடிந்தது.

சத்தம் கேட்டு வந்து நின்ற வீட்டுக்காரர் கையை நீட்டித் தடுத்தார். கட்டிலை வீட்டுக்குள் வைத்து அறுப்பது அதில் ஒருவர் செத்த பிறகுதான் என்றார். தன் வீட்டில் அதைச் செய்ய விடமாட்டேன் என்றார். இது மலை வழக்கமா, மிளகு மூட்டையின் வழக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு நான் விசாரித்தவர்களில் பாதிப் பேர் உண்டு என்றார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள்.

மூன்று வயல் தள்ளியிருந்த தச்சரைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் வந்து, கழற்ற முடியும், ஆனால் கழற்றினால் பிறகு அது கட்டிலாக இருக்காது, விறகுதான் என்றார். விறகானால் பரவாயில்லை, கழற்று என்றேன். வீட்டுக்காரரைப் பார்த்தார். கழற்றுவதும் அறுப்பதும் ஒன்றுதான் என்றார் வீட்டுக்காரர். தச்சர் வாய்ச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாசல் அளவு தெரிந்தவன், வெளியே எடுக்க முடியாதபடி ஒரு சாமானை எவனாவது செய்வானா என்று கத்தினேன்.

அவர் நிதானமாகவே பதில் சொன்னார். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்.

“கட்டிலு எதுக்குங்க சார் வெளிய போகோணும்? அது ஊட்லதான் கெடக்கும். படுக்கறவங்கதானுங்க ஒருநா வெளிய போவாங்க.”

சுமை தூக்கி வந்த ஆள்களில் ஒருவன் சிரித்துவிட்டான். மாமனார் சிரிக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டிய ஆறு மாதப் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கும் வீட்டில், ஆனி கடைசி நாளில், அந்தச் சொல். தச்சர் தொழிலைப் பற்றித்தான் சொன்னார், கெட்ட எண்ணம் இல்லை என்று பின்னால் எத்தனையோ பேர் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். எண்ணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைக் காதால் கேட்டேன்.

“பாயிலயே படுத்துக்கறனுங்கப்பா” என்று என் மனைவி அதற்குச் சற்று முன்புதான் மெல்லச் சொல்லியிருந்தாள். இப்போது பிள்ளையைப் பாயிலிருந்து எடுத்துத் தோளில் போட்டு, முந்தானையால் அதன் தலையை மூடினாள்.

“கெளம்பு கண்ணு” என்றார் மாமனார். “இருட்டறதுக்குள்ள எறங்கோணும்.”

பிள்ளைக்கு மருந்து வாங்கித் தருகிறேன், வேறு வீடு பார்க்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். வேறு வீடு பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். மலையில் கிராம சேவக்குக்கு யார் வீடு வைத்திருந்தார்கள்? அவள் ஒரு முறை திரும்பி அறைக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாளா, அடுப்பை அணைத்தோமா என்று பார்த்தாளா, தெரியாது. ஆள்கள் புதுக் கட்டிலை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டார்கள். மகள் கீழேயாவது அதில் படுக்கட்டும் என்றார் மாமனார். வாசலில் செருப்பு போடும்போது, கட்டில் காசும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் மாப்பிள்ளை கணக்கு, நிதானமாக அனுப்பினால் போதும் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளை தவழ்ந்ததும், சுவரைப் பிடித்து நின்றதும், அப்பா என்று சொன்னதும் கீழே. தையில் வந்தபோது என்னைக் கண்டு அழுதது, முகம் புதிது என்று. அந்த ஆறு மாதமும் நான் அந்தக் கட்டிலில்தான் படுத்தேன். வேறெங்கே படுப்பது, அறை முழுக்க அதுதானே இருந்தது? அடுத்த வருடம் மாற்றல் வந்து மலை இறங்கியபோது கட்டில் வீட்டுக்காரருக்கே நின்றுவிட்டது. மிளகு மூட்டைகளும் அடியில் அப்படியே இருந்தன. வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் மரம், அவர் வீடு, இதில் என்ன கழிப்பது என்றார்.

தச்சருக்கும் மரத்துக்கும் பதினாறு. கயிறு இரண்டேகால். ஒன்பது மதியச் சாப்பாடு, ஒன்று கால் ரூபாய் வீதம், இரண்டேகால். ஆப்பு ஒன்றரை. நான் ஒரு நாளும் படுக்காத மரக்கடைக் கட்டில் இருபத்தெட்டு. அதை மலை ஏற்றப் பன்னிரண்டு, இறக்க எட்டு. மாமனாருக்கு அதை மூன்று தவணையாக அனுப்பிய மணியார்டர் கமிஷன் அறுபது நயா பைசா. உள்ளூர்ச் சாமான் மலிவு என்று நான் வாங்கிய கட்டில் எனக்கு ஆன செலவு எழுபது ரூபாய் அறுபது நயா பைசா.