மூச்சைப் பார்த்த அக்கா

அக்கா நம்மை விட்டுச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் ஒப்படைத்தார்கள். பத்திரிகைகளில் நாலு சிரிப்புக் கட்டுரை எழுதியவன் என்பதால், “இதையாவது ஒழுங்கா எழுதுங்க” என்று என் மனைவி கேட்டுக்கொண்டார். முயல்கிறேன்.

அக்கா பிறந்தது திருமங்கலத்துக்கு மேற்கே, பருத்தி விளையும் ஒரு கரிசல் ஊரில். அப்பா காலமானபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஏழு. தட்டச்சுப் படித்து, தேர்வெழுதி, தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் மதுரைக்கு அழைத்து வந்தார். நான் படித்தது அக்காவின் சம்பளத்தில். படிக்க உட்கார்ந்தது அக்காவின் சத்தத்தில். அந்தக் குரல் இல்லையென்றால் எங்கள் நிலம் பங்காளிகளிடமும் எங்கள் ரேஷன் சர்க்கரை வேறு வீட்டுக்கும் போயிருக்கும். அக்காவைக் கட்டிய மச்சான் சாந்தமானவர். பேசுவதற்கு அவருக்கு இடம் கிடைத்ததில்லை என்போரும் உண்டு.

ஓய்வு பெற்ற கையோடு அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவர், “கோபத்தக் குறைக்கணும்மா. வெறும் மாத்திரைய வச்சுக் காப்பாத்த முடியாது” என்றார்.

“யாருக்குக் கோபம்? எனக்கா கோபம்?” என்று அக்கா கேட்டார். வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஆட்டோவில் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

தியான வகுப்பில் சேர்த்துவிட்டேன். தியானத்தைப் பற்றி ஓர் அலமாரி புத்தகம் படித்தவன் என்ற தகுதியில் துணைக்கு நானும் உட்கார்ந்தேன். முதல் நாளே குறட்டை விட்டேன். மூச்சைக் கவனியுங்கள் என்றார் ஆசிரியர். “அது பாட்டுக்குத்தானய்யா போயிட்டு வருது, அதப் போயி என்னத்தப் பாக்க?” என்றார் அக்கா. ஆனாலும் தொட்டதை விடுகிறவர் அல்லர். தினமும் விடிந்ததும் குளித்து, ஈரத் தலையை உலர விரித்துப் போட்டு, வீட்டுக் கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

வினை அங்கேதான் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஊரிலிருந்து எங்கள் சித்தி வந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தலையை விரித்துக் கண்மூடி உட்கார்ந்தால் ஒரே பொருள்தான்: குலதெய்வம் இறங்கியிருக்கிறது, குறி கேட்கலாம். சித்தி பூஜை மாடத்திலிருந்து சூடத்தை எடுத்து ஏற்றி, அக்கா முன்னால் விழுந்தார்.

“தாயே, எம்மகளுக்குக் கல்யாணமாகி எம்புட்டு வருசமாச்சு! வயித்துல ஒரு புழு பூச்சி இல்லையே!”

“சித்தி, அது தியானம்” என்றேன்.

“நீ சும்மா இருப்பா. நாலு எழுத்துப் படிச்சிட்டா சாமி இல்லேன்டுருவியா?”

அக்காவின் நெற்றி நரம்பு புடைத்தது. கண் திறந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மச்சான் சத்தமில்லாமல் மாத்திரை டப்பாவை எடுக்கப் போனார். அக்கா ஒரு மூச்சு இழுத்தார், விட்டார். இன்னொன்று இழுத்தார். கண் திறக்கவில்லை. சம்பந்தியம்மாள் பேச்சு, மருமகன் குடி, ஆஸ்பத்திரி அலைச்சல் எல்லாவற்றையும் சித்தி கொட்டி அழுது, மூக்கைச் சிந்தி ஓய்ந்தார்.

பிறகுதான் அக்கா கண் திறந்தார். “சித்தி, எனக்குச் சாமியெல்லாம் வரல. மூச்சத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“வராட்டிப் போகுது. இம்புட்டுப் பேசியும் நீ என்னைய வையாம இருந்தியேடி! இதுக்கு மேல என்ன அருள் வேணும்?”

செய்தி ஊருக்குப் போயிற்று. திருப்பரங்குன்றம் கோயிலுக்கு வந்தவர்கள் அப்படியே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். “குறியெல்லாம் கெடையாது. உக்காரணும்னா உக்காருங்க. வாயத் தொறக்கக் கூடாது” என்றார் அக்கா. உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கூடம் நிறைந்தது. மச்சான் எல்லோருக்கும் காபி போட்டார். அந்த அமைதியில்தான் அவர் நகைச்சுவையாகப் பேசக்கூடியவர் என்று தெரிந்தது. சுமார்தான், ஆனாலும் அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அக்காவின் கோபம் போய்விட்டது என்று எழுதினால் அண்டை வீட்டார் இந்த மலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வந்தது. முன்போல் தங்கவில்லை, அவ்வளவுதான். மருத்துவர் பயந்ததற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் நிறைவாக இருந்தார்.

போன ஆண்டு நெஞ்சு மறுபடி தகராறு செய்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், இனிச் செய்ய அதிகமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

“பயமா இருக்காக்கா?”

“இருக்குடா. அது ஒரு ஓரமா இருக்கு. நான் ஒரு ஓரமா இருக்கேன். நீ எதுக்கு நடுவுல அலையுற? உக்காரு.”

உட்கார்ந்தேன். அன்று மாலைவரை ஊர்க்கதை பேசிச் சிரித்தோம். அடுத்த நாள் காலை, மச்சானின் கையைப் பிடித்தபடி அக்கா போனார்.

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர், செவிலியர்களுக்கும், இறுதிவரை தோள் கொடுத்த உறவினர், நண்பர், அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மச்சானுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, கேட்டுப் பார்த்தேன். “எழுதுனது போதும் மாப்ள, எல்லாரும் வந்துட்டாங்க” என்றார்.

இன்று வெள்ளிக்கிழமை. போய் உட்காருகிறேன்.