ஐப்பசி மாதத்து வயிற்றுநோய்

அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டுப் போன இரண்டாவது வருஷம், ஐப்பசி மழை பிடித்த வாரத்தில், எனக்கு முதன்முதலாக மலத்தோடு இரத்தம் போயிற்று. நாளுக்குப் பத்துத் தடவை சோளக்காட்டு மறைவுக்கு ஓடினேன். தை பிறந்ததும் தானாக நின்றது. அடுத்த ஐப்பசியிலும் வந்தது. அதற்கடுத்த ஐப்பசியிலும்.

அது கடலைக்காய் பறிக்கிற பருவமாகவும் இருந்து தொலைத்தது.

“காட்டு வேலைன்னாத்தான் உனக்கு வவுத்தால போகுது. சித்திரையில விருந்துக்குப் போறப்ப ஒண்ணும் ஆகறதில்லையே அம்மணி” என்றார் மாமியார்.

“நீங்களே வந்து பாருங்க அத்தை” என்றேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். பார்க்க மனம் வரவில்லை, பழி சொல்ல மட்டும் வாய் வந்தது. காய்ச்சலோடு என்னைச் செடி பிடுங்க அனுப்பினார்கள்.

மூன்றாம் முறை எழுந்து நிற்கவே முடியாமல் போன பிறகுதான் என் கணவர் வண்டி பூட்டினார். கோயமுத்தூர் டாக்டர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கேள்வியெல்லாம் என் கணவரிடம்தான். சீதபேதி என்று ஊசி போட்டார்.

“மூணு வருசமா ஐப்பசியிலதானுங்க வருது” என்று நான் குறுக்கிட்டேன்.

“நோய் பஞ்சாங்கம் பார்த்து வராதும்மா” என்று டாக்டர் சிரித்தார். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். வயிறு என்னுடையது, இரத்தம் என்னுடையது. சிரிக்க இவர்கள் யார் என்று வண்டியில் திரும்பும்போது வழியெல்லாம் கொதித்துக்கொண்டே வந்தேன்.

ஊசி கேட்கவில்லை. என் அம்மா கோபியிலிருந்து வந்து, யாரிடமும் உத்தரவு கேட்காமல் என்னை வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்த பெண் டாக்டர் என்னிடமே கேட்டார். எந்த மாதம் ஆரம்பித்தது, எப்போது நின்றது என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடல் முழுக்கப் புண் என்றார்.

“மழைக்காலத்துல மட்டும் ஏனுங்க வருது?”

“எனக்குத் தெரியலை. ஆனா நீங்க சொல்றது பொய்யில்லை. இன்னும் ரெண்டு மூணு பேர் இதையே சொல்லியிருக்காங்க.”

அதைக் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கினேன். கணவர் அதை அவருடைய அம்மாவுக்குப் படித்துக் காட்டினார்.

“இதை மொதல்லயே சொல்லிப்போட்டிருந்தா நாங்க என்ன வேண்டாம்னா சொல்லுவோம்” என்றார் மாமியார்.

அந்த வருஷத்திலிருந்து, புரட்டாசி முடிவதற்குள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். தை பிறந்த பிறகுதான் திரும்புவேன். நோய் சில வருஷம் லேசாக வந்தது, சில வருஷம் படுக்கையில் தள்ளியது. ஒரு ஐப்பசியில் வரவேயில்லை. அந்த வருஷம், கடலைக்காய் பறிக்க ஆள் போதவில்லை, வந்துவிடு என்று கணவர் நேரில் வந்து கூப்பிட்டார்.

“தை பொறக்கட்டுங்க மாமா, வாரேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.