ஆடாத பெண்ணின் பெயர்

எங்கள் ஊர்க் கைப்பந்துச் சங்கத்தின் செயலாளர் மேல் எனக்கு முதன்முதலில் சந்தேகம் வந்தது ஒரு காய்ச்சலால்.

நான் அப்போது ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். கோவில்பத்திலிருந்து பைக்கில் போய்வருவேன். விடுமுறை நாட்களில் பெண்கள் அணியின் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுவேன். பாண்டியில் நடந்த ஒரு போட்டிக்குச் செயலாளர் கொடுத்த பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள். மைதானத்தில் இருந்ததோ பதினொரு பெண்கள். பன்னிரண்டாவது பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"இந்தப் பொண்ணு எங்கங்க?"

"காய்ச்சல்ங்க. அடுத்த மேட்சுக்கு வந்துரும். நீங்க எழுதுங்க."

எழுதினேன். அந்தப் பெண் கடைசிவரை வரவில்லை. சான்றிதழ் மட்டும் பன்னிரண்டு பேருக்கும் வந்தது. அது கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும்.

அவரைத் தப்பாக நினைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பெண்கள் அணியே இல்லாத ஊரில் அதை உண்டாக்கியவர் அவர்தான். கருக்களாச்சேரி மீனவர் குப்பத்துக்கு நேரில் போய், வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாக்களிடம் உட்கார்ந்து பேசி, நான்கு பெண்களை மைதானத்துக்கு அழைத்து வந்தார். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. பேருந்து நிலையம் எதிரே அவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ் நின்றது. பாண்டியில் இருந்த பெரிய சங்கத்திலும் பதவி கிடைத்தது.

அடுத்த வருடமும் ஒரு புதுப் பெயர். மூன்றாம் வருடமும். நான் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் என் பார்வையை அவர் கண்டுகொண்டார் போலிருக்கிறது. அந்த முறை ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் புத்தகத்தை வாங்கி வீட்டுக்கே கொண்டுபோனார். புத்தகம் திரும்பி வந்தபோது நான் எழுதாத ஒரு வரி அதில் இருந்தது. மூன்றாவது செட்டில் பன்னிரண்டாம் எண் பெண் மாற்று ஆட்டக்காரராக இறங்கினாளாம். எழுத்து என்னுடையதைப் போலவே சாய்ந்திருந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கடைசியில் பெரிய சங்கத்துக்குப் புகார் எழுதியவள் அந்த நான்கு கருக்களாச்சேரிப் பெண்களில் ஒருத்தி. பந்தை ஓங்கி அடிப்பதில் அவளை மிஞ்ச எங்கள் அணியில் ஆளில்லை. அந்த வருடம் அவள் பெயரை எடுத்துவிட்டுத்தான் ஆடாத பெண்ணின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் செல்போனில் படம் பிடித்திருந்தாள். பன்னிரண்டாம் எண் இறங்கவே இல்லை என்பது அதில் தெரிந்தது.

விசாரணை அதிகாரி என்னை அழைத்தார். எதிர் நாற்காலியில் செயலாளர்.

"கீழ இருக்கிற கையெழுத்து உங்களுதுதானே?"

"ஆமாங்க."

"இந்த வரி?"

செயலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதலைங்க."

அவர் பதவி போனது. சங்கத்தையே கலைத்துப் புதிதாக அமைத்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, மார்க்கெட் வாசலில் அவர் என் பைக்கை மறித்து நின்றார். மிகவும் இளைத்திருந்தார்.

"அந்தப் புகாரை நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அந்தப் பொண்ணு நான் கூட்டியாந்ததுங்க. அதுக்கு இதெல்லாம் தோணாது."

"சத்தியமா நான் இல்லைங்க."

அவர் நம்பவில்லை. இன்றும் எங்காவது எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

புகார் எழுதிய பெண் மறுவருடம் அணியில் சேர்ந்து, ஒரு வருடம் தாமதமாகக் கல்லூரிக்குப் போனாள். இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. போன மாதம் ஒரு போட்டியில் பார்த்தேன். நலம் விசாரித்துவிட்டு, சட்டென்று கேட்டாள்.

"சார், உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?"

"சந்தேகம் இருந்துச்சும்மா."

"எத்தனை வருஷமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மூணு வருஷமா."

அவள் விரல்களை மடக்கி எண்ணினாள். பிறகு, "அப்ப எனக்கு முன்னாடி ரெண்டு பேரு" என்றாள்.

அவளைப் போலவே இடம் பறிபோன அந்த இருவரும் யாரென்று எனக்குத் தெரியும். ஒருத்தி காரைக்கால்மேட்டில் கல்யாணமாகி இருக்கிறாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் போகவில்லை.