சின்னவன் மேடு

அவரை எல்லாரும் நாளைக்காரர் என்றுதான் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது, அது யாருக்கு ஞாபகம்! எதைக் கேட்டாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்கிற மனிதருக்கு வேறென்ன பெயர் ஒட்டும்? அதற்காக சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். உழவு, விதைப்பு, பால் கறப்பது, இதிலெல்லாம் எழுபத்தொரு வயதிலும் ஒரு வேளை தப்பியதில்லை. வாயைத் திறந்து பேச வேண்டிய காரியம் என்றால்தான் நாளை, நாளை மறுநாள், அப்புறம் பார்க்கலாம்.

அப்படி அவர் ஒன்பது வருஷமாகத் தள்ளிப்போட்ட பேச்சு ஒன்று இருந்தது. பதினொரு ஏக்கர் நிலத்தை மூன்று பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

பெரியவன் டவுனில் தையல் கடை வைத்திருக்கிறான். சின்னவன் பஸ் ஓட்டுகிறான், இரண்டு மணி நேரப் பயணத்தில் அவன் வீடு. நடுவில் ஒரே மகள். பதினாறு வருஷமாக நிலத்தையும் ஆறு மாட்டையும் கட்டி மேய்ப்பவள் அவள்தான். சொட்டுநீர்க் குழாயில் எந்த ஓட்டை எந்தப் பாத்தியில் அடைத்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பால் கேன்களைக் கழுவிக்கொண்டே அவள் போட்டு உடைத்தாள்.

"அப்பா, நாத்துப் பண்ணையில சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிடறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"உனக்கெதுக்கும்மா வேலை? இங்க இல்லாத வேலையா?"

"வேலை இருக்கு, நான்தான் இல்ல. இன்னொரு கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டா ஓனர் கையெழுத்து எங்கங்கறான். நிழல்வலைக்கு மானியம் கேட்டா நிலம் யார் பேர்லங்கறான். எனக்கு நாப்பத்தி மூணு வயசாச்சுப்பா. நான் இங்க யாருன்னு சொல்லிடுங்க. இருன்னா இருக்கேன். இல்லன்னா கிளம்பறேன்."

நாளைக்காரரின் நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்தது. மென்று முழுங்கினார். அவள் போய்விட்டால் பண்ணை இரண்டு போகம் தாங்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

சிக்கல் எங்கே என்றால், மேட்டில். பண்ணைக்கே உயிர் கொடுக்கும் கிணறு மேட்டு நிலத்தில் இருந்தது. அந்த நிலத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக வீட்டில் ஒரே பெயர்தான், சின்னவன் மேடு. "சின்னவன் மேட்டுல மோட்டார் போடு", "சின்னவன் மேட்டுல மாடு பூந்துடுச்சு" என்று தினம் நாலு தடவை சொல்லிச் சொல்லி, சொன்னவரே அது சின்னவனுக்கு வாக்குக் கொடுத்த நிலம் என்று நம்ப ஆரம்பித்துவிட்டார். மகளுக்குக் கொடுத்தால் இளைய பிள்ளை மனசு உடையும். அவனுக்குக் கொடுத்தால் மகளின் விவசாயம் அதோடு சரி. போதாக்குறைக்கு சின்னவன் இப்போதெல்லாம் வீட்டுக்கே அபூர்வமாகத்தான் வந்தான். வந்தாலும் மேட்டுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மேட்டை இன்னும் எழுதித் தராத கோபம்தான், வேறென்ன!

"கேட்டுத்தான் பாருங்களேன். நீங்க பெத்த பிள்ளைதானே, கடிச்சா தின்னுடுவான்?" என்றாள் மனைவி. சொன்னதோடு நிற்காமல் அவளே மகன்கள் இரண்டு பேருக்கும் போன் போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்தார்கள். நாளைக்காரர் தொண்டையை மூன்று தடவை கனைத்தார்.

"பெரிய பங்கு இவளுக்குத்தான் கொடுக்கணும்னு நினைக்கிறேன்," என்றார், எப்படியோ.

பெரியவன் டீயைக் கீழே வைத்தான். "மூணு பேருக்கும் சமமா இல்லையாப்பா? நானும் இருபத்திரண்டு வயசு வரைக்கும் இந்த மண்ணுலதானே புரண்டேன்."

"புரண்டே, இல்லைங்கல. ஆனா சமமா அறுத்தா கிணறு ஒருத்தன்கிட்ட, மாடு ஒருத்தன்கிட்ட, வழி ஒருத்தன்கிட்ட போயிடும். ஆளுக்கு ஒரு துண்டு கிடைக்கும்டா, பண்ணை யாருக்கும் கிடைக்காது."

பெரியவன் மேஜை விளிம்பை விரலால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான். அளக்காமல் அவனுக்கு யோசனை ஓடாது.

"ரோட்டோரம் ஒன்றரை ஏக்கர் எனக்குக் கொடுங்க," என்றான் கடைசியில். "அங்கயே கடையைக் கட்டிக்கறேன். ஆனா ஒண்ணு. இந்த வீட்ல என் ரூம் என் ரூமாவே இருக்கணும். வந்தா விருந்தாளி மாதிரி ஹால்ல பாய் விரிக்கக் கூடாது."

"அதுல உரமூட்டை அடுக்கியிருக்கேண்ணா," என்றாள் தங்கை மெல்ல.

"எடுடீ முதல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள், நாளைக்காரரைத் தவிர. இன்னும் சின்னவன் பாக்கி. தேக்குத் தோப்பு இரண்டரை ஏக்கர், பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் வேண்டாம், பஸ் ஓட்டுகிறவனுக்குத் தோது. அதைச் சொல்லிவிட்டார். மிச்சம்தான் வாயில் வரவில்லை.

"அப்புறம்... அந்த மேடு..."

சின்னவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "அப்பா, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், அந்த மேட்டை மட்டும் என் தலையில கட்டிடாதீங்க!"

"என்னடா சொல்றே?"

"மறந்துட்டீங்களா? அஞ்சு வயசுல அங்கதானே குளவிக்கூட்டுல கல்லை விட்டேன்! மூஞ்சி பூசணிக்காயா வீங்கிப்போச்சு. நீங்க எல்லாரும் சிரிச்சு சிரிச்சு வச்ச பேருதானே அது! இன்னைக்கும் பஸ்ஸுக்குள்ள ஒரு குளவி வந்தா வண்டியை ஓரம் கட்டறேன். எங்க இந்தப் பக்கம் வந்தா 'இது உன் மேடுடா, வந்து பாரு'ன்னு கொடுத்துடுவீங்களோன்னு பயந்துதானே வராமலே இருந்தேன்!"

நாளைக்காரர் வாயைப் பிளந்தார். பெயர் வைத்தவர் அவர். காரணத்தைச் சுத்தமாக மறந்தவரும் அவரேதான். ஒன்பது வருஷத் தூக்கம் ஒரு குளவிக்கூட்டுக்காகவா போயிற்று! சிரிக்கத்தான் ஆரம்பித்தார், பாதியில் அழுகையாகிவிட்டது. மகள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். "இல்ல சார், வேலைக்கு வரல. எனக்குச் சொந்தப் பண்ணை இருக்கு," என்று அவள் சொன்னது உள்ளே எல்லாருக்கும் கேட்டது.

அடுத்த புதன்கிழமை பதிவு அலுவலகத்துக்கு ஐந்து பேருமாகப் போனார்கள். பத்திரம் எழுதுபவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கிணறு உள்ள நிலம் மகள் பேர்ல. சரி. இதுக்கு வழக்கத்துல பேர் ஏதாச்சும் உண்டா?"

"சின்னவன் மேடு," என்றாள் மகள்.

"உங்க நிலம்தானேம்மா? பேரை மாத்தி எழுதிடவா?"

"ஐயோ, மாத்தாதீங்க," என்று சின்னவன் குறுக்கே விழுந்தான். "கொட்டு வாங்கினது நான். பேராவது என்னோடதா இருக்கட்டும்!"

கையெழுத்தும் ரேகையும் முடிந்தன. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா தாள்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே, "பத்திரத்தை நாளைக்கு வந்து வாங்கிக்கங்க," என்றார்.

"நாளைக்கா!" நாளைக்காரர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து காலை மடக்கி உட்கார்ந்தார். "அந்தப் பேச்சே எங்கிட்ட வேண்டாம் தம்பி. இன்னைக்குக் கொடுங்க. நான் இங்கயேதான் இருக்கேன்."