கனிஷாய் எங்கிருந்து வந்தாள்

கோக்-ஜார் பள்ளத்தாக்கில் இருபத்தாறு வருடமாக ஆடுமாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவருபவள் சைராகான். ஐம்பத்திரண்டு வயது. கணவன் இறந்து எட்டு வருடம். மனிதர்களைவிட ஆடுகள்தான் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன என்பாள்.

அந்த வருடம் ஊர்க் குலத்தின் வம்சாவளியைப் புத்தகமாகப் போடுவதென்று முடிவாகி, ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் எஸ்தெபெஸ் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனார். சைராகான் வீட்டில் தேநீர்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, ஏழு தலைமுறை சொல்லச் சொன்னார். தன் அப்பா, அவர் அப்பா பெய்ஷே, அவர் அப்பா ஜோல்சு, அவர் அப்பா தோலோத் என்று அவள் மூச்சுவிடாமல் ஒப்பித்துக்கொண்டே போனாள். தோலோத் பெயர் வந்ததும் வாத்தியார் பேனாவை மூடினார்.

"ஜோல்சு தோலோத்துக்குப் பொறந்தவன் இல்லம்மா. அவன் ஆத்தா கனிஷாய் ஒரு எருது மேல கைக்குழந்தையோட, நாலு ஆட்ட ஓட்டிக்கிட்டு இந்த ஊருக்கு வந்தவ. அப்புறம்தான் தோலோத் அவளக் கட்டிக்கிட்டான்."

"அப்ப ஜோல்சுவோட அப்பா யாரு வாத்தியாரே?"

"அவ சொல்லல. செத்துட்டாருன்னு மட்டும் சொன்னாளாம். நான் அந்த இடத்துல கேள்விக்குறி போட்டுடறேன்."

சைராகானுக்கு அது உறைத்தது. அவள் தம்பி மெலிஸ் லாரி ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான்.

"போட்டா போடட்டும்க்கா. நம்மள பாத்து எத்தன பேரு கேள்வி கேட்டிருக்கான், புத்தகமும் ஒண்ணு கேக்கட்டுமே."

அவளால் அப்படி விட முடியவில்லை. நரின் நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்தாள். பழைய குடும்பப் பட்டியலில் ஜோல்சு இருந்தார். பக்கத்திலேயே, தந்தை தோலோத் என்று அழகான கையெழுத்து. அதற்கு மேல் தேட அங்கே காகிதம் இல்லை.

மே மாதம் கணவாய்க்கு அப்பால் தெரெக்-சாயில் இருந்த கால்நடை மருத்துவர் குதிரையிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக சைராகானை அனுப்பினார்கள். இரண்டாம் நாள் மதியம், ஒரு பட்டியில் ஊசி போட ஒரு பெட்டையாட்டின் தலையைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வலது காதின் நுனி நறுக்கியிருந்தது. அதற்குக் கீழே மூன்று விரற்கடை தள்ளி ஒரு வெட்டு. கோக்-ஜாரில் எல்லோரும் ஆட்டின் இடது காதைத்தான் கிழித்து அடையாளம் வைப்பார்கள். இப்படி வலது காதில் இரண்டு வெட்டு வைப்பது அவள் வீட்டில் மட்டும்தான். ஏன் என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "கனிஷாய் வச்ச வழக்கம், மாத்தக் கூடாது" என்று அப்பா சொன்னதோடு சரி.

பட்டிக்காரர் ஷாயிம்குல், எண்பதை நெருங்கும் குதிரைக்காரர், வேலிமேல் சாய்ந்து நின்றார்.

"என்னம்மா, ஆட்டுக்குக் காது கேக்குமான்னு பாக்குறியா?"

"இந்தக் காதுவெட்டு உங்களுக்கு எப்படி வந்துச்சு பெரியவரே?"

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இருக்கு. இந்த ஊர்ல எங்க நாலு வீட்டுக்கு மட்டும்தான்."

"எங்க வீட்டுலயும் இதேதான். கனிஷாய்னு ஒரு பொம்பள கொண்டுவந்தது."

கிழவர் வேலியிலிருந்து நிமிர்ந்தார். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப நீ அந்தத் திருடியோட வம்சமா?"

சைராகான் ஊசியைப் பெட்டியில் வைத்தாள். "என்ன திருடினா?"

"எங்க வீட்டுப் பிள்ளைய. எருதையும் சேத்துத்தான்."

பிறகு கூடாரத்துக்குள் உட்கார வைத்து, புளித்த குதிரைப்பாலான குமிஸை ஊற்றிக் கொடுத்துச் சொன்னார். கல்முராத் என்பவன் கனிஷாயின் கணவன். பனிச்சரிவில் போய்விட்டான். வழக்கப்படி அவளை அவன் அண்ணனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்தார்கள். அண்ணனுக்கு ஏற்கெனவே இரண்டு மனைவி. குறித்த நாளுக்கு நான்கு நாள் முன்னால், ஊர் மேய்ச்சல் நிலத்துக்குக் கூடாரம் பெயர்த்த சந்தடியில், அவள் பிள்ளையோடும் மூட்டையோடும் வேறு பாதையில் பிரிந்து போய்விட்டாள். கணவன் பேரைச் சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில்தான் கடைசிவரை வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

"அந்த அண்ணன் என் தாத்தா," என்றார் ஷாயிம்குல். "சாகுற வரைக்கும் தேடினாரு. பிள்ளையத் தேடினாரா அவளத் தேடினாரான்னு என் பாட்டிங்க ரெண்டு பேருக்கும் கடைசி வரைக்கும் சண்ட."

"பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருந்தீங்க?"

"தோக்தோர். எங்கயும் போகாம நிக்கணும்னு வச்ச பேரு."

"அவ ஜோல்சுன்னு மாத்திட்டா. வழிப்போக்கன்."

கிழவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகனைக் கூப்பிட்டு ஒரு ஆட்டை அறுக்கச் சொன்னார். "இனிமே என்னைப் பெரியவரேன்னு கூப்பிடாத. தாத்தான்னு கூப்பிடு. ஊசி போட்ட ஆட்ட அறுக்கலாமா, அத மட்டும் சொல்லிடு."

"போடாதத நான் காட்டறேன் தாத்தா," என்றாள் சைராகான்.

ஊர் திரும்பியபோது வேறொரு சிக்கல் முளைத்தது. தந்தை பெயர் கிடைத்துவிட்டதால் சைராகான் வீட்டார் கணவாய்க்கு அப்பாலுள்ள குலத்தவர்கள், இந்தப் புத்தகத்தில் இடமில்லை என்றார் எஸ்தெபெஸ். மெலிஸ் அன்றுதான் முதல்முறையாகக் கோபப்பட்டான்.

"கேள்விக்குறியா இருந்தப்ப உள்ள இருந்தோம், பேரு கெடச்சதும் வெளியவா? வளத்தவன் தோலோத்தான வாத்தியாரே?"

மூன்று மாலை பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். தோலோத்தின் கிளையில் ஜோல்சு நிற்பார். அடைப்புக்குள் "வளர்ப்பு மகன், பெற்றவர் தெரெக்-சாய் கல்முராத்" என்று வரும். கனிஷாய் பெயரும் வேண்டும் என்றாள் சைராகான். வம்சாவளியில் பெண்கள் பெயர் வராது என்றார் வாத்தியார்.

"அவ நடந்து வரலேன்னா நீங்க எழுத ஒரு கிளையே இல்ல," என்றாள் அவள்.

"நடந்து வரல. எருது மேல வந்தா," என்று திருத்திவிட்டு, வாத்தியார் அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டார்.

புத்தகம் இலையுதிர் காலத்தில் வந்தது. இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் ஒரே ஒரு பெண் பெயர். ஒரே வாரத்தில் ஊர்ப் பெண்கள் எஸ்தெபெஸ் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள், தங்கள் தாய் பெயர், மாமியார் பெயர் ஏன் இல்லை என்று கேட்டு. வாத்தியார் வழியில் சைராகானைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அடுத்த மார்ச்சில் புதிதாக இரண்டு நோட்டுப் புத்தகம் வாங்கினார் என்று கடைக்காரர் சொன்னார்.