ஸ்கேன் மருந்தும் சரசக்காவின் சிறுநீரகமும்

1. வெறும் வயிறு

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று மருத்துவமனை சொன்னால், எங்கள் எஸ்டேட்டில் அதை விரதமாகவே எடுத்துக்கொள்வார்கள். சோறு மட்டுமல்ல, தண்ணீரும் கிடையாது. தைப்பூச விரதம் இருந்து பழகியவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

மலேசியாவில் கேமரன் மலைத் தேயிலை எஸ்டேட் ஒன்றின் கிளினிக்கில் நான் நர்ஸாக இருந்தேன்; எல்லோருக்கும் 'மிஸ்ஸி'. சரசக்கா அங்கே கொழுந்து பறிப்பவர். சர்க்கரை வியாதி உண்டு, சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். ஈரலில் ஏதோ கட்டி தெரிகிறது என்று, மலைக்குக் கீழே ஈப்போ நகர மருத்துவமனையில் சி.டி. ஸ்கேனுக்கு எழுதியிருந்தார்கள். கட்டி தெளிவாகத் தெரிய நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்ற வேண்டும். அந்த மருந்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றிய நேரத்தில் ஏற்றினால், பலவீனமான சிறுநீரகம் மேலும் கெட்டுப்போகலாம். அதனால் "சோறுதான் கூடாது, தண்ணி குடிக்கலாம்" என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நன்றாகத் தலையாட்டினார்.

நானும் கூடப் போனேன். மலை இறங்கும்போது வேனில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தார். ஈப்போவில் ஸ்கேன் எடுக்கும் தம்பி வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் எச்சி கூட முழுங்கலப்பா," என்றார் சரசக்கா, பெருமையாக.

"வலி மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"முட்டி வலிக்கு டெய்லி போடுறதுதான் லா. தானா ராத்தா டவுன் கடையில வாங்குறது."

தம்பி பேனாவைக் கீழே வைத்தார். வற்றிய உடம்பு, சர்க்கரை, போதாக்குறைக்குச் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் மாத்திரை. இன்று மருந்து ஏற்றினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. தள்ளிப்போட்டால் கட்டி என்னவென்று தெரியாமல் போகும்.

"இன்னொரு நாளைக்கெல்லாம் வரமாட்டேன் மிஸ்ஸி. அந்த வளைவுல மறுபடியும் என்னால முடியாது," என்றார் சரசக்கா. அவர் சொன்னால் சொன்னதுதான்.

டாக்டர் வந்து பார்த்தார். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ரத்தம் எடுத்து, டிரிப் போட்டார். ரத்த முடிவு சரியாக இருந்தால் மாலையில், மருந்தின் அளவைக் குறைத்து எடுக்கலாம் என்றார். நான் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சரசக்கா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். ரத்த முடிவு நாங்கள் பயந்த அளவுக்கு மோசமில்லை. மாலையில் ஸ்கேன் முடிந்தது.

2. எம்.சி.

"ரெண்டு நாள் நல்லா தண்ணி குடிங்கம்மா. அப்புறம் இன்னொரு தடவ ரத்தம் டெஸ்ட் பண்ணணும்," என்றார் தம்பி.

சரசக்கா என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு எனக்கு மலையில வேலை மிஸ்ஸி. தண்ணி குடிச்சா எங்க போறது? அங்க கக்கூஸ் கட்டி வச்சிருக்கீங்களா?"

பறிக்கும் பெண்கள் பலர் காலையில் ஒரு வாய் தேநீரோடு மலையேறி, இறங்கும்வரை எதுவும் குடிப்பதில்லை. நாங்களோ கிளினிக் சுவர் முழுக்கத் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் போஸ்டர் ஒட்டியிருந்தோம்.

டாக்டரிடம் கேட்டு இரண்டு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, வாங்கினேன். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தண்ணி குடிக்கிறதுக்கு எம்.சி.யா மிஸ்ஸி? இனிமே தூங்குறதுக்கும் கேப்பாங்க!"

"துரைகிட்ட சொல்லி மலையில ஒரு கக்கூஸ் வைங்க கிராணி. அப்புறம் எம்.சி. கேக்க மாட்டேன்."

அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

மறு பரிசோதனையில் சிறுநீரகம் பழையபடியே இருந்தது. கட்டியும் வெறும் நீர்க்கட்டிதான். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் உண்டு. தண்ணீர் குடிக்கச் சொல்வதற்கு முன், குடித்தால் எங்கே போவார்கள் என்று கேளுங்கள்.

சரசக்கா வேலைக்குத் திரும்பிய அன்று, மலை இறங்கி வரும்போது எதிரில் வந்தார். உதடு வெடித்திருந்தது.

"இன்னிக்குத் தண்ணி குடிச்சீங்களாக்கா?"

"எம்.சி. முடிஞ்சிடுச்சே மிஸ்ஸி," என்றார்.